கர்கூர் மரம்

மூன்று நாளாய் ஷமால் காற்று.
முஹரக் துறையில் படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன,
ஒரே அறையில்
நாங்கள் ஆறு பேர் கிடந்ததைப் போல.
காற்றடிக்கும் நாளுக்குக் கூலி கிடையாது.
நட்சத்திரம் வாங்கலாமா என்று கேட்டவனை
யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பின்புறம் ஒரு கர்கூர் கிடந்தது.
கம்பியில் பின்னிய மீன்கூடு,
பாதித் தர்பூசணியைக் கவிழ்த்து வைத்தாற்போல்.
ததேயுஸ் அதை உருட்டி வந்தான்.
கதவுக்குள் நுழையவில்லை.
கதவைக் கழற்றினோம்.
நடு அறையில் நிறுத்திவிட்டு
"மரம்" என்றான்.
சரி, மரம்.

ரெயின்போ பால் டப்பாவை வெட்டி
கிளீட்டஸ் ஒட்டகம் செய்தான்.
கால் நாலும் வந்தது, கழுத்து வந்தது,
முதுகு மட்டும் வரவில்லை.
"கழுதைன்னு ஒத்துக்கோடே,
குடிலுக்கு அதுவும் வேணும்தானே" என்றோம்.
உதட்டில் தகரம் கீறிய ரத்தத்தோடு
"ஒட்டகம்" என்றான்.

வலைமிதவையில் முகம் வரைந்து
ரஃபீக்குல் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா செய்தான்.
குமில்லாக்காரன். எங்கள் பண்டிகைக்கு
எங்களைவிட அவனுக்குத்தான் அவசரம்.
தாடிக்குப் பஞ்சு எங்கே எடுத்தான் என்பது
இரவு படுத்தபோதுதான் தெரிந்தது.
என் தலையணை ஒரு பக்கம் சப்பை.

லூர்தையன் பெட்டியைத் திறந்தார்.
செத்துப்போன சிம் கார்டுகள் பதினொன்று,
தூண்டில் நரம்பில் கோத்தது.
கத்தீஃப், கிஷ், ராஸ் அல் கைமா, மறுபடி கத்தீஃப்.
எல்லாவற்றிலிருந்தும்
ஒரே நம்பரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.
சுற்றிக் கட்டியதும் மரத்துக்குக்
காசுமாலை போட்டது போல் ஒரு மினுக்கம்.

ததேயுஸ் மகளின் ஒற்றைச் சாக்ஸைத் தொங்கவிட்டான்.
கட்டைவிரல் நுழையும், அவ்வளவுதான்.
இதன் ஜோடி வீட்டில் இருக்கிறது.
அவள் காலுக்கு இரண்டுமே இப்போது பத்தாது.

நான் பர்ஸிலிருந்து எடுத்தது
ஒரு ஊதாப் பித்தான்.
பிரகாசியின் ரவிக்கைப் பித்தான் உன்னிடம் எப்படி
என்று ஐந்து பேரும் கேட்டார்கள்.
திருவனந்தபுரம் விமான நிலையத்தில்
கட்டிப்பிடித்தபோது
சட்டைப்பையில் மாட்டிக்கொண்டது என்றேன்.
ஒருத்தனும் நம்பவில்லை.
ரஃபீக்குலுக்கு ஹிந்தியில் சொல்லியும் நம்பவில்லை.

என்னிடம் ஒன்றுமில்லை என்றார் வியாகுலம்.
அதனால் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
மரத்துக்குப் பின்னால் நின்றார்.
சுவரெல்லாம் கம்பி நிழல்.
அறை முழுக்க வலை விழுந்தது.
உள்ளே நாங்கள், ஒரு சாக்ஸ், ஒரு தாத்தா.

இருபத்துநாலாம் தேதி மதியம் காற்று நின்றது.
நொக்கதா போன் செய்தார்.
கர்கூர் இருபத்தெட்டையும் ஏற்று.
எண்ணினோம்: துறையில் இருபத்தேழு.

அவசர அவசரமாய்க் கழற்றினோம்.
கட்டில் கம்பியில், ஏசி குழாயில்,
கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் மாட்டினோம்.
மறுபடி கதவைக் கழற்றினோம்.
மரம் படகேறியது.
கடைசியாய் அதைத்தான் இறக்கினோம்,
குமிழி விட்டபடி போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு
லூர்தையன் ஹாரனை ஒருமுறை அடித்தார்.
தொலைவில் போன எண்ணெய்க் கப்பல் ஒன்று
என்ன நினைத்ததோ,
நீளமாய் ஒரு பதில் அடித்தது.
கேக் என்று ரொட்டியை வெட்டினோம்.

நாலாம் நாள் வலித்தோம்.
இருபத்தெட்டாவது கூட்டில்
ஹமூர் இரண்டு, நீல நண்டு ஒன்று.
அப்புறம், உள்வாயில் ஆடிக்கொண்டு,
பால் டப்பா மிருகம்.
கழற்ற மறந்துபோயிருந்தோம்.
ஹமூர் முட்டியதோ, கல்லில் இடித்ததோ,
தகரம் மேலே புடைத்து
முதுகில் அசல் திமில்.

கிளீட்டஸ் ஒன்றும் சொல்லவில்லை.
பனியனில் துடைத்து
எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும்
ஒருமுறை பிடித்தான்.

துறையில் நொக்கதா கணக்கு கேட்டார்.
மீனைச் சொன்னோம். நண்டைச் சொன்னோம்.